இரைச்சலோடு ஒரு பேகடா

1967 ஜனவரியில் அமெரிக்காவின் எலெக்ட்ரா நிறுவனம் 'தி டோர்ஸ்' குழுவின் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. ஜிம் மாரிசன் என்ற பெயர் ஊர் உலகத்துக்குத் தெரியவந்தது அதன் பிறகுதான். அதே எலெக்ட்ராவுக்கு நான்சச் என்று ஒரு தம்பி கம்பெனி உண்டு. ஓரிரு வருடத்துக்குள் அந்தத் தம்பி கம்பெனி வெளியிட்ட ஒரு எல்பி தட்டின் பெயர் 'வித்வான்'. பாடியவர் ராம்நாட் கிருஷ்ணன்.

எனக்கு இது தெரிய வந்தபோது வயது இருபத்தாறு. பெங்களூரில் பிஜி அறை, ராத்திரி ஒரு மணி. எலெக்ட்ராவின் பழைய வெளியீடுகள் ஒவ்வொன்றாகத் துருவிக்கொண்டிருந்தவன், 'ராம்நாட்' என்ற சொல்லைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தேன். எங்கள் ஊர்ப் பெயரை வெளியூர்க்காரர்கள் இரண்டே காரணத்துக்காகத்தான் சொல்வார்கள். ஒன்று, பிடிக்காத அதிகாரியை மாற்றுகிற தண்ணியில்லாக் காடு. இன்னொன்று, ராமேஸ்வரம் போகிற ரயில் நிற்கிற ஸ்டேஷன். டோர்ஸ் வந்த வீட்டுக்குள் அந்தப் பெயர் எப்படிப் போனது என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரையில் வருகிற எல்லாமே எனக்குத் தெரிந்தது. கடைசியில் அது என் மாமாவின் கேசட்டில் கொண்டுபோய் விட்டது. அதை நான் பாழாக்கிய கதையையும் சொல்லியாக வேண்டும்.

முதலில் ராக். நான் படித்தது இ.இ.இ. ஹாஸ்டலில் எல்லா கம்ப்யூட்டரையும் ஒரே வயரில் கோத்திருந்தார்கள். யாரோ ஒரு சீனியர் விட்டுப்போன ஃபோல்டர் ஒன்று வருடா வருடம் கைமாறி வந்துகொண்டிருந்தது. அதில்தான் டீப் பர்ப்பிளின் 'மேட் இன் ஜப்பான்' கிடைத்தது. 1972 ஆகஸ்டில் ஒசாகாவில் இரண்டு ராத்திரி, டோக்கியோவில் ஒரு ராத்திரி. ஜப்பானில் மட்டும் விற்பதற்கு என்றுதான் பதிவு செய்தார்கள், குழுவுக்கே அதில் பெரிய ஆர்வம் கிடையாது. ஸ்டூடியோவில் நாலரை நிமிடம் ஓடிய 'ஸ்பேஸ் டிரக்கின்' அங்கே ஏறக்குறைய 20 நிமிடம் ஓடுகிறது, தட்டின் ஒரு முழுப் பக்கம். பாட்டை நாலு நிமிடத்தில் முடித்துவிட்டு மிச்ச நேரம் முழுக்க அதை உடைத்து உடைத்துப் பார்க்கிறார்கள். 'அடேய், இது ராகம் தானம் பல்லவிடா' என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ராகம் தானம் பல்லவி என்றால் என்னவென்றே அப்போது தெரியாது.

அதிலிருந்து லைவ் ரெக்கார்டிங் பைத்தியம் பிடித்தது. ஆல்மன் பிரதர்ஸ் 1971 மார்ச்சில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் வாசித்தது. தி ஹூ 1970 பிப்ரவரி 14 அன்று லீட்ஸ் பல்கலைக்கழகச் சாப்பாட்டுக் கூடத்தில் வாசித்தது. இந்த லீட்ஸ் தட்டில் ஒரு வேடிக்கை உண்டு. பதிவில் சில இடங்களில் சடசடவென்று சத்தம். தட்டு கெட்டுப்போய்விட்டது என்று கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவார்களே என்று, சடசடப்பு இருக்கத்தான் செய்யும், யாரும் சரிசெய்ய வேண்டாம் என்று லேபிளிலேயே எழுதிவிட்டார்கள். 1995-இல் சிடியாக மறுபடி வந்தபோது கம்ப்யூட்டரை வைத்து அந்தச் சடசடப்பைத் துடைத்தெடுத்தார்கள். ஆறு பாட்டு பதினாலு பாட்டானது. எங்கள் ஹாஸ்டலில் இரண்டு கட்சி. துடைத்ததுதான் நல்லது என்று ஒரு கட்சி, நான் அதில். பழையதுதான் என்று இன்னொரு கட்சி, அவர்களில் யாரும் பழைய தட்டைக் கேட்டதே இல்லை. நாங்களும் கேட்டதில்லை, அது வேறு.

ரீமாஸ்டர் என்றால் என்னவென்று புரியாமலேயே அந்த வார்த்தையைப் பயன்படுத்திக்கொண்டிருந்தோம். மூல டேப்பை மறுபடி ஓட்டி, நல்ல கருவியில் டிஜிட்டலாக மாற்றி, எந்த அலைவரிசை தூக்கலாக இருக்க வேண்டும், எவ்வளவு சத்தமாக இருக்க வேண்டும் என்று முடிவெடுப்பது. அவ்வளவுதான். ஆனால் அந்த 'முடிவெடுப்பது' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தொண்ணூறுகளிலிருந்து சிடிக்களின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். மெல்லிய இடத்தைத் தூக்கு, உச்சத்தை நசுக்கு, எல்லாம் ஒரே மட்டம். முதல் தடவை கேட்கும்போது பிரமாதமாக இருக்கும். மூன்றாவது பாட்டில் தலை வலிக்கும்.

இன்னொரு பக்கம் கிரேட்ஃபுல் டெட். இந்தக் குழுவின் ரசிகர்கள் கச்சேரிக்கு மைக்கும் டேப்பும் எடுத்துக்கொண்டு போவார்கள். காசு வாங்கக் கூடாது, தபாலில் ஒருவருக்கொருவர் பிரதி போட்டுக் கொடுத்துக்கொள்ளலாம். 1984-இல் பதிவு செய்கிறவர்களுக்கென்றே அரங்கில் தனி இடம் ஒதுக்கினார்கள். 1977 மே 8-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த கச்சேரி இப்படிப் பிரதிக்குப் பிரதியாகவே புகழடைந்தது. குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர் ஜாக்சன் எடுத்து வைத்திருந்த டேப்புகள் எண்பதுகளில் வாடகைக் கிடங்கிலிருந்து ஏலத்தில் போயின. அந்தக் கச்சேரி அதிகாரபூர்வமாக வெளிவந்தது 2017-இல், நாற்பது வருடம் கழித்து. அதற்குள் அது அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் வேறு ஏறிவிட்டது.

நம் ஊரில் இப்படிப் பைத்தியக்காரர்கள் இல்லையே என்று நான் ஒரு காலத்தில் வருத்தப்பட்டதுண்டு. சென்னையில் அதற்கும் முன்னாலேயே இருந்திருக்கிறார்கள். வேட்டியும் விபூதியுமாக, மடியில் ஸ்பூல் ரெக்கார்டரோடு.

ராம்நாட் கிருஷ்ணன் 1918-இல் ஆலப்புழையில் பிறந்தார், வளர்ந்தது ராமநாதபுரத்தில். குரு, சி.எஸ். சங்கரசிவம். சங்கரசிவத்தின் தம்பிதான் மிருதங்க வித்வான் சி.எஸ். முருகபூபதி. தண்ணியில்லாக் காட்டுக்கு இத்தனை சங்கீதம் எப்படி வந்தது என்றால், அரண்மனை. விவேகானந்தர் 1893-இல் சிகாகோ போவதற்கு உதவிய பாஸ்கர சேதுபதியை எல்லாருக்கும் தெரியும். அவர் காலத்தில் சமஸ்தானத்தின் ஆதரவில் இருந்தவர் 'பூச்சி' சீனிவாச ஐயங்கார், பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் சீடர். அந்தப் பூச்சி ஐயங்காரிடம் படித்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். வர்ணத்தில் ஆரம்பித்து, கிருதிகள் பாடி, பெரிய ராகம் ஒன்றை விரித்து, தனியாவர்த்தனம் விட்டு, துக்கடாவில் முடிக்கிற இன்றைய கச்சேரி அமைப்பு அரியக்குடியால்தான் நிலைபெற்றது என்பார்கள். டிசம்பர் சீசனில் சபா கேன்டீனில் அடை அவியல் சாப்பிடுகிறவர்கள் யாரும் ராமநாதபுரத்துக்கு நன்றி சொல்வதில்லை.

அரண்மனையின் ராமலிங்க விலாசம் இப்போது அருங்காட்சியகம். சுவர் ஓவியங்களைப் பார்க்க ஸ்கூல் பசங்களைக் கூட்டி வருவார்கள். நானும் அப்படி வரிசையில் போனவன்தான். இந்தக் கூரையின் கீழ் என்ன பாட்டு கேட்டிருக்கும் என்று எந்த வாத்தியாரும் சொன்னதில்லை.

கிருஷ்ணன் சென்னைக்குப் போனார். பாமர ரசிகர்களைவிடச் சக வித்வான்கள் அதிகம் மதித்த பாடகர் என்று அவரைச் சொல்வார்கள். குரல் பெரிய குரல் இல்லை. சத்தம் போடுகிற ஆளும் இல்லை. பேகடா, சஹானா மாதிரி நெளிவும் குழைவுமாகப் போகிற ராகங்களில் அவர் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததுக்குப் போகிற வழியைக் கேட்க வேண்டும். நேர்கோட்டில் போகவே மாட்டார். ஒரு தெருவுக்குள் நுழைந்து, தெரிந்த வீட்டுத் திண்ணையில் கொஞ்சம் உட்கார்ந்து, அப்புறம்தான் போவார். இப்படிப்பட்ட பாட்டுக்கு நல்ல ஒலிப்பதிவு ரொம்ப முக்கியம். கத்துகிற பாடகரை எதில் பதிந்தாலும் மிஞ்சுவார், கிருஷ்ணன் மாதிரி ஆளை மோசமான டேப் தின்றுவிடும்.

78 சுற்றுத் தட்டு இருந்த காலத்தில் ஒரு பக்கத்துக்கு மூன்றிலிருந்து நாலரை நிமிடம். அதற்குள் ஆலாபனை, கிருதி, ஸ்வரம் எல்லாவற்றையும் அடக்கிய மேதைகள் இருந்தார்கள், ஆனால் அது ரயில் கிளம்பும்போது ஜன்னல் வழியாகப் பேசுகிற பேச்சு. எல்பி வந்து ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்தபோது ராக்குக்கும் ஜாஸுக்கும் நடந்ததுதான் கர்நாடக சங்கீதத்துக்கும் நடந்திருக்க வேண்டும். அந்த வாய்ப்பு கிருஷ்ணனுக்கு அமெரிக்காவில் அமைந்தது.

கனெக்டிகட் மாநிலத்தில் மிடில்டவுன் என்கிற சின்ன ஊரில் வெஸ்லியன் பல்கலைக்கழகம். அங்கே ராபர்ட் பிரௌன் என்ற பேராசிரியர், மிருதங்கத்தில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர். வீணை தனம்மாளின் பேரனும் பாலசரஸ்வதியின் தம்பியுமான டி. ரங்கநாதன் 1963-இல் அங்கே மிருதங்கம் கற்பிக்கப் போய்ச் சேர்ந்தார். ஜான் ஹிக்கின்ஸ் என்ற அமெரிக்கர் 'ஹிக்கின்ஸ் பாகவதர்' ஆனது அந்த வளாகத்திலிருந்துதான். 1967-இல் ராம்நாட் கிருஷ்ணனும் அங்கே போனார்.

நான்சச் 1964-இல் ஜாக் ஹோல்ஸ்மன் தொடங்கியது. ஐரோப்பிய சாஸ்திரிய இசைப் பதிவுகளை உரிமம் வாங்கி மலிவு விலைக்கு விற்பதுதான் முதல் திட்டம். தெரசா ஸ்டெர்ன் என்ற பெண்மணி பொறுப்பேற்றதும் அது வேறு மாதிரி வளர்ந்தது. 1967-இல் 'எக்ஸ்ப்ளோரர்' வரிசை என்று உலகத்தின் பல மூலைகளிலிருந்து இசைத்தட்டுகள் வரத் தொடங்கின. பாலித் தீவின் கேமலான் முதலில், அப்புறம் ஒவ்வொரு நாடாக. அந்த வரிசையில்தான் ராம்நாட் கிருஷ்ணனின் 'வித்வான்', 'கச்சேரி' இரண்டும். வயலின் வி. தியாகராஜன், மிருதங்கம் டி. ரங்கநாதன், கஞ்சிரா வி. நாகராஜன். டோர்ஸும் லவ்வும் விற்று வந்த காசு இருந்த வீட்டில், எங்கள் ஊர்க்காரர் ராகம் பாடிக்கொண்டிருந்தார். இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன். ராக் கேட்கிறவர்களுக்குக் கிருஷ்ணன் யாரென்று தெரியாது, சங்கீதம் கேட்கிறவர்களுக்கு டோர்ஸ் பொருட்டில்லை. நடுவில் நான் ஒருத்தன் மட்டும் குதித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு கொசுறு. 1977-இல் வாயேஜர் விண்கலங்களில் அனுப்பிய தங்கத்தட்டில் சக் பெர்ரியின் ராக் அண்ட் ரோல் பாட்டு இருக்கிறது, ஜாவா அரண்மனை கேமலானும் இருக்கிறது. அந்த கேமலானைப் பதிவு செய்தவர் அதே மிருதங்கக்காரர் ராபர்ட் பிரௌன்.

'வித்வான்' தட்டின் பதிவு சுத்தமானது. குரல் பக்கத்தில் இருக்கிறது, தம்புரா அதன் அடியில் தரை மாதிரி விரிந்திருக்கிறது, மிருதங்கத்தின் தொப்பியும் வலந்தலையும் தனித்தனியாகக் கேட்கின்றன. ஆனால் சபா கிடையாது. வயலின்காரர் பதில் சொன்னதும் முன்வரிசையிலிருந்து எழுகிற 'பேஷ்' கிடையாது. பிள்ளை அழுவது, நாற்காலி இழுபடுவது எதுவும் கிடையாது. அதெல்லாம் இருப்பது ரசிகர்கள் எடுத்த டேப்புகளில். கிருஷ்ணன் 1973-இல் ஐம்பத்து நாலு வயதில் போய்விட்டார். அவருடைய கச்சேரிகளில் பலவும் இன்று நமக்குக் கிடைப்பது, யார் யாரோ ஸ்பூலில் எடுத்து, கேசட்டில் பிரதி போட்டு, அதிலிருந்து இன்னொரு பிரதி போட்டு வந்தவைதான். டெட் ரசிகர்களின் அதே சட்டம்தான் இங்கேயும்: காசு வாங்கக் கூடாது. கூடவே ஒரு நம்மூர் துணைச்சட்டம்: நல்ல பிரதியை யாருக்கும் எளிதில் கொடுக்கக் கூடாது.

என் மாமா இந்த வரிசையின் கடைசியில் நின்ற ஆள். அம்மாவின் அண்ணன். ராமநாதபுரத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் கிளார்க். சென்னைக்குப் போய் சபாவில் உட்காருகிற வசதியெல்லாம் இல்லை. அவரிடம் இருந்தது ஒரு பழைய வால்வு ரேடியோ. அப்புறம், துபாயிலிருந்து கீழக்கரைக்கு வந்த நண்பர் ஒருவர் விற்றுவிட்டுப் போன டேப் ரெக்கார்டர். ராத்திரி திருச்சி வானொலியில் சங்கீதம் வைத்தால் ரேடியோவுக்கு எதிரே ரெக்கார்டரை வைத்து மைக்கில் பிடிப்பார். வீட்டில் எல்லாரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். யாரும் மூடியதில்லை.

எங்கள் கடற்கரையில் ரேடியோ கேட்பதில் ஒரு சிக்கல் உண்டு. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் கடல்தான். திருச்சி எங்கேயோ இருக்கிறது, கொழும்பின் ஒலிபரப்போ தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு வந்து காதில் விழும். கொழும்பில் வானொலி தொடங்கியது 1925-இல். ஐம்பதுகளில் இந்திய வானொலி சினிமாப் பாட்டைக் குறைத்துவிட்டபோது, இந்தியா முழுக்க இலங்கைப் பக்கம் முள்ளைத் திருப்பியது. 1957-இல் விவித் பாரதி தொடங்கியதே அந்தப் போட்டியினால்தான். எங்கள் அப்பத்தா காலத்து ஆட்களுக்கு மயில்வாகனனும், அம்மா காலத்து ஆட்களுக்கு கே.எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் வீட்டு மனிதர்கள் மாதிரி. வங்கியில் கடன் வாங்கிப் படித்த என் தலைமுறைக்கு இலங்கை என்றால் வேறு செய்திகள்தான்.

மாமா 2016-இல் இறந்தார். காரியமெல்லாம் முடிந்து அத்தை ஒரு பிஸ்கட் டின்னைக் கொடுத்தார். உள்ளே பதினோரு கேசட். உப்புக்காற்றில் ஏழெட்டுக்குப் பூஞ்சை பிடித்துவிட்டது. நன்றாக இருந்ததில் ஒன்றின் மேல் மாமாவின் குண்டு எழுத்து: 'ரா. கி. பேகடா. 12.8.84. ராத்திரி.' வானொலி தன் பழைய சேமிப்பிலிருந்து ஒலிபரப்பிய கச்சேரியாக இருக்க வேண்டும்.

நான் சாஃப்ட்வேர்காரன். ரீமாஸ்டர் பற்றிப் பத்து வருடம் படித்தவன். விட்டுவிடுவேனா? பெங்களூருக்குக் கொண்டுபோய் ஒரு டெக் வாங்கி இரண்டு பக்கத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஒரே இரைச்சல். வால்வு ரேடியோவின் 'ம்ம்ம்' என்ற மின்சார ரீங்காரம், அலையின் சரசரப்பு, மாமா வீட்டுச் சமையல்கட்டு, கிருஷ்ணனின் ஆலாபனைக்குப் பின்னால் எங்கோ ஒரு சினிமாப் பாட்டும் யாரோ பேசுவதும். கொழும்பு.

இரைச்சல் நீக்கும் மென்பொருள் வேலை செய்கிற விதம் இது. பாட்டு இல்லாத இடம் ஒன்றை, வெறும் இரைச்சல் மட்டும் இருக்கிற இடத்தை, அதற்குக் காட்ட வேண்டும். அது அந்த இரைச்சலின் அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு, முழுப் பதிவிலிருந்தும் அதைக் கழித்துவிடும். ராக் பதிவில் இது எளிது, பாட்டுக்கு முன்னால் ஒரு நொடி மௌனம் இருக்கும். கர்நாடக சங்கீதத்தில் மௌனமே கிடையாது. பாடகர் மூச்சு விடுகிற இடத்திலும் தம்புரா இருக்கும். நான் அது தெரியாமல் அப்படி ஒரு இடத்தைக் காட்டினேன். மாறாமல் ஓடிக்கொண்டே இருக்கிற சத்தம் எதுவோ அதுதான் இரைச்சல் என்பது மென்பொருளின் இலக்கணம், அந்த இலக்கணப்படி முதல் குற்றவாளி தம்புரா. அது தம்புராவைத் தின்றது. மிச்சமிருந்த குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து பாடுவது மாதிரி ஆனது. காதுக்கு உறுத்தியது. ஆனாலும் 'சுத்தமாக' இருக்கிறதே என்று எனக்குப் பெருமை. கடைகளில் 'டிஜிட்டல் ரீமாஸ்டர்' என்று போட்டு நான் வாங்கிய சில கர்நாடக சிடிக்களும் இப்படித்தான் சாவு வீட்டுச் சுத்தத்தோடு இருந்தன. அதனால் இதுதான் முறை என்று நினைத்துவிட்டேன். கடைசியாக, மிருதங்கம் மெதுவாகக் கேட்கிறது என்று சத்தத்தைத் தூக்கி உச்சங்களை நசுக்கினேன். 'தோம்' என்று விழ வேண்டிய அடி 'டப்' என்று விழுந்தது.

இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்தில் ஒரு எட்டு நொடி. பொத்தான் அமுங்குகிற சத்தம், ஏதோ முணுமுணுப்பு, அப்புறம்தான் பாட்டு. தேவையில்லாத தலை என்று வெட்டிவிட்டேன். வெட்டியதை அதே ஃபைலின் மேல் சேமித்தேன்.

பொங்கலுக்குப் போனபோது அத்தையிடம் போட்டுக் காட்டினேன். அத்தைக்குச் சங்கீதம் தெரியாது. முப்பது வருடம் அந்தக் கேசட்டைச் சமையல்கட்டிலிருந்து கேட்டவர். முதல் பக்கம் முடிகிற இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏய்யா, இங்கன நான் கூப்புடுவேனே?"

"என்னத்தை?"

"'சோறு ஆறிப்போச்சு, எந்திரிச்சு வாங்க'ன்னு கத்துவேன். உங்க மாமா கேசட்ட மாத்திப் போட்டுட்டு, 'வர்றேன் வர்றேன், இவ ஒருத்தி'ம்பாரு. அதப் போடு."

அத்தை கூப்பிட்டது என் கழித்தலில் கரைந்துபோயிருந்தது. மாமாவின் பதில் அந்த எட்டு நொடி.

ராத்திரியே லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். முதல் பக்கத்தின் மூலப் பிரதி தனியாக இருந்தது, தெய்வாதீனம். இரண்டாம் பக்கத்துக்கு இல்லை. பெங்களூர் போய் மறுபடி கேசட்டை ஓட்டினேன். முதல் பக்கம் ஓடி முடிந்து இரண்டாம் பக்கம் தொடங்கும்போது நாடா உருளையில் சுற்றிக்கொண்டு அறுந்தது. ஒட்டிப் பார்த்தேன். அறுந்தது சரியாக நுனியில். கசங்கின நாடாவில் 'வ' என்ற ஓசை மாதிரி ஏதோ ஒன்று கேட்கிறது. எனக்குக் கேட்பதாகத் தோன்றுகிறது என்று சொல்வதுதான் சரி.

1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில் வங்கதேச நிவாரணத்துக்காக ஜார்ஜ் ஹாரிசன் நடத்திய கச்சேரியில், ரவிசங்கரும் அலி அக்பர் கானும் சுருதி சேர்த்ததையே பாட்டு என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. சுருதி சேர்ப்பதே இவ்வளவு பிடித்தால் வாசிப்பது இன்னும் பிடிக்கும் என்று ரவிசங்கர் சிரித்துக்கொண்டே சொன்னார். தட்டில் அதை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். இசைக்குச் சம்பந்தமே இல்லாத அந்தச் சில நொடியைக் கேட்காமல் என்னால் அந்த ஆல்பத்தைத் தொடங்க முடிவதில்லை. பத்துத் தடவை கேட்டு ரசித்தவன்தான் எட்டு நொடியை வெட்டினேன்.

அப்புறம் இரண்டு வருடம் அந்த ஃபைலைத் தொடவில்லை. மறுபடி எடுத்தது வேறு ஒரு காரணத்தால். கிரேட்ஃபுல் டெட்டின் பழைய டேப்புகளை வெளியிடும்போது வேகத்தைச் சரிசெய்கிறார்கள் என்று படித்தேன். டேப்பில் பதியும்போது காதுக்கு எட்டாத ஒரு உயர் அதிர்வெண்ணும் சேர்ந்து பதிகிறது. அது எங்கெங்கே ஆடியது என்று பார்த்தால் டேப் எங்கெங்கே வேகம் மாறியது என்று தெரியும், அதை வைத்துப் பாட்டை நேராக்கலாம். என்னிடம் இருப்பது சாதாரண கேசட் டெக், அந்த வித்தை நடக்காது. ஆனால் வால்வு ரேடியோவின் 'ம்ம்ம்' இருக்கிறதே! மின்சாரத்தின் ரீங்காரம் 50 ஹெர்ட்ஸ், அதன் மடங்கு 100. அளந்து பார்த்தால் வேகம் தெரிந்துவிடும். முதல் வேலையாக நான் துடைத்தெறிந்த அந்தச் சத்தம்தான் அளவுகோல்.

அளந்தேன். 50.6 வந்தது. அப்படியென்றால் டேப் ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் வேகமாக ஓடுகிறது. மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தின் முதல் பக்கம் பதிவுக் கருவி மெதுவாக ஓடியதால் முப்பது வருடத்துக்கும் மேல் சுருதி ஏறியே விற்றது, தொண்ணூறுகளில்தான் சரிசெய்தார்கள். நானும் சரிசெய்யக் கை வைத்தபோது, படித்த இ.இ.இ. ஞாபகம் வந்தது. 1984-இல் தென்னிந்திய மின்தொகுப்பில் 50 என்பது 50-ஆகவா இருந்தது? உற்பத்தி போதாத காலம். சுமை ஏற ஏற அதிர்வெண் 49-க்கும் கீழே இறங்கும். 2003-இல் புதிய கட்டண முறை வந்த பிறகுதான் அது ஓரளவு ஒழுங்குக்கு வந்தது. அன்றைக்கு ராத்திரி மின்சாரம் 48.8-இல் ஓடியிருந்தால், என் டேப்பின் வேகப்பிழை ஒரு சதவீதம் இல்லை, ஏறக்குறைய மூன்றே முக்கால். அரைக்கட்டையில் பாதிக்கும் மேல். கிருஷ்ணன் மாதிரிப் பாடகருக்கு அது பெரிய வித்தியாசம்.

'வித்வான்' தட்டை எடுத்து அதில் அவருடைய ஆதார சுருதியை அளந்து ஒப்பிட்டேன். அந்தப் பதிவின் வேகத்தை நம்பலாம். ஆனால் அந்தத் தட்டுக்கும் இந்தக் கச்சேரிக்கும் நடுவில் எத்தனை வருடமோ, பாடகர்கள் வயதாக ஆகச் சுருதியைக் கொஞ்சம் இறக்குவதும் உண்டு. கணக்கு மூன்று சதவீதத்துக்குப் பக்கத்தில் எங்கோ வந்து நின்றது.

ஒரு சதவீதம், இரண்டு, இரண்டரை, மூன்று, மூன்றே முக்கால் என்று ஐந்து பிரதி செய்தேன். இந்தத் தடவை எதையும் கழிக்கவில்லை. ரீங்காரம், கொழும்பு, சமையல்கட்டு எல்லாம் அப்படியே. ஊருக்குப் போய் அத்தை முன்னால் உட்கார்ந்து, முதல் பக்கத்தின் கடைசி அரை நிமிடத்தை மட்டும் ஒவ்வொன்றாகப் போட்டேன். பேகடாவில் ஸ்வரம் போய்க்கொண்டிருக்கும்போது, தூரத்திலிருந்து முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய அத்தை கூப்பிடுகிறார்.

முதலாவதுக்கு, "இது யாரு, சின்னப் புள்ள மாதிரி?" என்றார். இரண்டாவதுக்கு ஒன்றும் சொல்லவில்லை. கடைசிப் பிரதிக்கு, "எனக்கென்ன சளியா பிடிச்சிருந்துச்சு" என்றார். நாலாவதை மறுபடி போடச் சொன்னார். இன்னொரு தடவை போடச் சொன்னார்.

"இதுதான்யா. இப்படித்தான் கத்துவேன்."

மூன்று சதவீதம். ஃபைலின் பெயரில் அதையே எழுதி வைத்திருக்கிறேன்: 'ரா. கி. பேகடா. 12.8.84. ராத்திரி. அத்தை சொன்ன சுருதி.'